வன்னியிலிருந்து ரொறொன்ரோவுக்கு: அம்மா அப்பாவை எந்த வழியில் அனுப்புவது?

கனடாவிலிருந்து பிள்ளை அனுப்பும் டிக்கெட்டில் பயண நேரம் 22 மணித்தியாலம் என்று போட்டிருக்கும். கிளிநொச்சியில் இருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் அந்தக் கணக்கு போதாது. கட்டுநாயக்கவில் விமானம் புறப்படும் நேரத்திலிருந்துதான் அந்த 22 மணித்தியாலம் தொடங்குகிறது. அதற்கு முன்பே அவர்கள் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு ஏ9 வீதியில் ஏறி, அரை நாளுக்கு மேல் கழித்திருப்பார்கள். வாசலிலிருந்து வாசல் வரை கூட்டினால் ஏறத்தாழ 36 மணித்தியாலம் வரும்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வழியைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. டுபாய் வழியா, லண்டன் வழியா, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் அங்கிருந்தா என்று குடும்பங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் டிக்கெட் விலையிலும் “எது கிட்ட” என்பதிலுமே முடிந்துவிடுகிறது. எழுபது வயது முழங்காலுக்கு அவை இரண்டும் முதற் கேள்விகள் அல்ல.

கிலோமீற்றர் கணக்கு

கொழும்பிலிருந்து ரொறொன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. பூமிப் பந்தின் மேல் மிகக் குறுகிய கோட்டை இழுத்தால் தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். அந்தக் கோடு மேற்கே போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் வடக்கே ஏறுகிறது. ராஜஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா என்று போய், ஐஸ்லாந்துக்கும் வடக்கே கடலைக் கடந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவின் கியூபெக் மாகாணத்துக்குள் இறங்குகிறது. தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஒரு உலக உருண்டையையும் நூல் துண்டையும் பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

இப்போது இடையில் இறங்கிப் போகும் வழிகளைப் பார்ப்போம். நகருக்கு நகர் நேர்க்கோட்டில் அளந்தால் டுபாய் வழி சுமார் 14,370 கிலோமீற்றர். லண்டன் வழி 14,420. இஸ்தான்புல் வழி 14,470. டோஹா வழி 14,490. நான்கும் நான்கு திசையில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே 120 கிலோமீற்றர்தான் வித்தியாசம். அது கிளிநொச்சியிலிருந்து மதவாச்சியைத் தாண்டிக் கொஞ்சம் போகும் தூரம். வீதியில் வான் பிடித்துப் போனால் இரண்டு மணித்தியாலம்; விமானம் எட்டு நிமிடத்தில் கடந்துவிடும். காற்றுக்கும் மூடப்பட்ட வான்பரப்புகளுக்கும் ஏற்ப விமானிகள் அன்றாடம் மாற்றும் பாதையே இதைவிடக் கூடுதலாக விலகும். ஆகவே தூரத்தை வைத்து இந்த நான்கையும் தரம் பிரிக்க முடியாது.

டில்லி வழி இன்னும் குறைவு. சுமார் 14,030 கிலோமீற்றர், குறுகிய கோட்டோடு ஒட்டியே போகிறது. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியபின், டில்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. உருண்டையில் மிகக் கிட்டிய வழி, இருக்கையில் மிக நீண்ட இருப்பாகிவிட்டது. வயதானவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஆகாயத்தில் இருக்கும் மொத்த நேரமும் அப்படித்தான். டோஹா, டுபாய், லண்டன், இஸ்தான்புல் எதுவானாலும் இரண்டு விமானங்களையும் கூட்டினால் 19 முதல் 20 மணித்தியாலம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று அடிக்கும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் தள்ளும். அதனால் வரும் பயணம் போகும் பயணத்தைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைவாக இருப்பது வழக்கம்.

வித்தியாசம் இருப்பது அந்த 19 மணித்தியாலத்தை எந்த இடத்தில் முறிக்கிறோம் என்பதில். வளைகுடா வழி என்றால் முதலில் ஐந்து மணித்தியாலம், பிறகு ஒரே இருப்பாகப் பதினான்கு. லண்டன் வழி என்றால் முதலில் பதினொன்று, பிறகு எட்டு. இஸ்தான்புல் என்றால் எட்டரை அல்லது ஒன்பது, பிறகு பத்தரை அல்லது பதினொன்று. கால் வீங்குகிறவர், அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுகிறவர், முதுகில் வலி உள்ளவர் ஆகியோருக்குப் பதினான்குக்கும் பதினொன்றுக்கும் இடையிலான மூன்று மணித்தியாலம் மிகப் பெரியது. டிக்கெட் பார்க்கும்போது “மிக நீளமான ஒற்றைப் பறப்பு எத்தனை மணித்தியாலம்” என்று முதலில் பாருங்கள். மொத்த நேரத்தைப் பிறகு பார்க்கலாம்.

நேரத்தைப் படிக்கும் முறை

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். ரொறொன்ரோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால் நிற்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள். கோடையில் ஒருவர் அதிகாலை 4 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறினால், 22 மணித்தியாலம் கழித்து அதே திகதியில் மாலை 4.30க்கு ரொறொன்ரோவில் இறங்குவார். தாளைப் பார்க்கிறவர் பன்னிரண்டரை மணித்தியாலப் பயணம் என்று எண்ணிவிடுவார். “பின்னேரம் போய்ச் சேர்ந்துவிடுவாய் அம்மா” என்று சொல்லி அனுப்பினால், இடையில் ஒரு முழு இரவுத் தூக்கம் போய்விட்டது என்பது அந்த அம்மாவுக்கு நடுவழியில்தான் தெரியவரும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது வெறும் குழப்பத்தோடு முடியாது. ஊர் நேரம் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை மாற்றாமல் கட்டிக்கொண்டு போவது நல்லது. எந்த நேரத்தில் எவ்வளவு என்பதைப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுப்போகலாம்.

முதல் 300 கிலோமீற்றர்

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்குச் சுமார் 300 கிலோமீற்றர். இதற்கு ஆறரை முதல் ஏழு மணித்தியாலம் பிடிக்கும். வளைகுடாவுக்குள்ள 3,600 கிலோமீற்றரை விமானம் ஐந்து மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. இந்தப் பயணம் முழுவதிலும் உடம்பைக் களைக்க வைக்கும் பகுதி இந்தத் தரைவழிதான். இதை ஒழுங்காகத் திட்டமிட்டால் ஆகாயத்தில் வரும் எந்த மணித்தியாலக் குறைப்பையும்விட மிச்சம் கூடுதல்.

விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருக்கிறது என்பது நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி. நகருக்குள் நுழையத் தேவையில்லை. வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம் போய், அங்கிருந்து புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று கரையோரமாக இறங்கினால் நேராகக் கட்டுநாயக்க. தம்புள்ளை, குருநாகல் வழியும் உண்டு. இரண்டில் புத்தளம் வழியையே நான் விரும்புவேன். வளைவும் நெரிசலும் குறைவு. கார்த்திகை, மார்கழி மழையில் மட்டும் வெள்ளம் எங்கே நிற்கிறது என்று அன்று காலையிலேயே சாரதியிடம் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.

ரயில் பாதை கிளிநொச்சிக்கு 2013இல் மீண்டும் வந்தது நமக்கெல்லாம் பெரிய விஷயம். ஆனால் இந்தப் பயணத்துக்கு அது பொருந்தாது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, பெட்டிகளைத் தூக்கி, வந்த திசையிலேயே முப்பது கிலோமீற்றருக்கு மேல் திரும்பப் போக வேண்டும். இரவு பஸ்ஸும் அப்படித்தான். வழியனுப்ப வருகிறவர்களோடு சேர்த்து ஒரு வான் பிடிப்பதே சரி.

பல விமானங்கள் நள்ளிரவிலும் அதிகாலையிலும் புறப்படுவதால், வானும் மாலையில் புறப்பட்டு இருட்டில் ஓடுகிறது. வன்னி வீதிகளில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். அனுராதபுரம், புத்தளம் பக்கம் யானை குறுக்கே வரும். சாரதிக்கும் தூக்கம் வரும். அதிகாலை 4 மணி விமானம் என்றால் முதல் நாள் காலையிலேயே புறப்படுங்கள். பின்னேரம் நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்து, குளித்து, சாப்பிட்டு, நான்கு மணித்தியாலமாவது காலை நீட்டிப் படுத்துவிட்டு நள்ளிரவில் விமான நிலையம் போகலாம். இந்த ஓர் அறையின் செலவு, டிக்கெட் விலையில் நீங்கள் பேசிப் பேசிக் குறைத்த தொகையைவிடச் சிறியதாகவே இருக்கும். அதன் பயன் ரொறொன்ரோவில் இறங்கும்வரை உடம்பில் இருக்கும்.

இடையில் இறங்கும் இடங்கள்

டுபாயும் டோஹாவும் அபுதாபியும் ஏறத்தாழ ஒரே வகை. மூன்றிலிருந்தும் ரொறொன்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. டோஹாவிலிருந்து அந்தச் சேவை 2024 டிசம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் கட்டார் எயார்வேஸில் போகிறவர்கள் மொன்றியலில் இறங்க வேண்டியிருந்தது. மூன்றுக்கும் பொதுவான பெரிய வசதி, விமான நிலையத்துக்குள்ளேயே மாறி ஏறுவதற்கு விசா தேவையில்லை என்பது. இன்னொரு வசதியைப் பயணத் தளங்கள் எதுவும் எழுதுவதில்லை. கொழும்பிலிருந்து வளைகுடா போகும் விமானத்தில் வேலைக்குப் போகும் நம் நாட்டு ஆட்களே நிறைந்திருப்பார்கள். பக்கத்து இருக்கையில் மன்னாரோ மட்டக்களப்போ சேர்ந்த ஒரு தம்பி இருப்பார். படிவமோ வாசலோ புரியாவிட்டால் தமிழில் கேட்கலாம். பதினான்கு மணித்தியால இரண்டாம் விமானத்தில் அந்தத் துணை குறையும்.

குறையும் உண்டு. அந்தப் பிராந்தியம் கொந்தளிக்கும்போது வான்பரப்பு திடீரென்று மூடப்படுகிறது. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலம் மூடியபோது வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளுக்குத் திருப்பப்பட்டன. செய்தியில் அந்தப் பகுதி பேசப்படும் கிழமைகளில், பிள்ளைகள் வேறு வழியையும் ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

லண்டன் வழியின் பலம் அந்தப் பதினொன்று–எட்டு முறிப்பு. கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் விமானம் நேரே லண்டன் போகிறது. அதில் தமிழ் அறிவிப்பும் சோறு கறியும் கிடைக்கும் என்பது பெரியவர்களுக்கு ஒரு தெம்பு. பலவீனம் காகிதத்தில் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் லண்டன் விமான நிலையத்தில் மாறி ஏறுவதற்கே பொதுவாக விசா எடுக்க வேண்டும். செல்லுபடியாகும் கனேடிய விசா கடவுச்சீட்டில் ஒட்டியிருந்தால் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. பாரிஸ், பிராங்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய நிலையங்களிலும் இலங்கையர்களுக்கு இதே கட்டாயமும் இதே வகை விலக்கும் இருக்கின்றன. போகும்போது விசா செல்லுபடியாக இருக்கும், சிக்கல் வராது. கனடாவில் நீண்ட காலம் தங்கிவிட்டுத் திரும்பும்போது விசாவின் திகதி முடிந்திருந்தால்தான் லண்டனில் சிக்கல். வளைகுடாவில் அந்தக் கவலை இல்லை.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் நிலையக் கட்டிடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. முதல் விமானம் ஒன்றில் வந்து அடுத்தது வேறொன்றிலிருந்து புறப்பட்டால் பஸ் ஏறிப் போக வேண்டும். இரண்டு மணித்தியால இடைவெளி என்று மலிவாகக் காட்டும் டிக்கெட்டை லண்டனில் எடுக்க வேண்டாம். மூன்றரை மணித்தியாலமாவது வேண்டும். இன்னுமொன்று: லண்டனில் இருக்கும் மகளைப் போகிற வழியில் ஒரு கிழமை பார்த்துவிட்டுப் போகலாம் என்பது அழகான ஆசை. அதற்குப் பிரித்தானியப் பயண விசா தனியாக எடுக்க வேண்டும். மாறி ஏறும் விலக்கு அதற்கு உதவாது.

இஸ்தான்புல்லில் நேரப் பிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. கொழும்புக்கு நேரடிச் சேவை 2023இல் வந்தது. ஆனால் அந்தப் புதிய விமான நிலையம் மிகப் பரந்தது, நடை நீளம். தமிழ் பேச ஆள் கிடைப்பதும் அரிது. ஓரளவு ஆங்கிலம் தெரிந்து, தானே பலகை பார்த்து நடக்கக்கூடியவருக்குச் சரி.

எந்த வழியானாலும் மொன்றியலிலோ வன்கூவரிலோ இறக்கி, அங்கிருந்து உள்ளூர் விமானத்தில் ரொறொன்ரோ அனுப்பும் டிக்கெட்டைத் தவிர்த்துவிடுங்கள். கனடாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடிவரவு விசாரணை நடக்கும். மகனோ மகளோ வெளியில் காத்திருக்காத ஊரில் அந்த வரிசையில் அம்மாவைத் தனியாக நிறுத்தத் தேவையில்லை.

பலாலி வழி

இந்த வழியைப் பற்றித்தான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அதிகம் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பலாலி 2019 ஒக்ரோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றில் சேவை நின்றுபோய் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் திருச்சிச் சேவையும் வந்தது. கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவு தாண்டி இரண்டு மணித்தியாலத்துக்குள் பலாலி போய்விடலாம். சென்னைக்கு 360 கிலோமீற்றருக்கும் குறைவு, ஒன்றேகால் மணித்தியாலம். தூரக் கணக்கிலும் இது தோற்காது: பலாலி, சென்னை, லண்டன், ரொறொன்ரோ என்று கூட்டினால் சுமார் 14,300 கிலோமீற்றர், டுபாய் வழியைவிடக் குறைவு. வடக்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே ஏழு மணித்தியாலம் போகத் தேவையில்லை என்பதில் ஒரு மன நிறைவும் இருக்கிறது. எனக்கும் அந்த நிறைவு பிடிக்கும்.

இருந்தும் நேரம் கூடுகிறது. பலாலியிலிருந்து வரும் சிறிய விமானம் பகலில் சென்னையில் இறங்குகிறது. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் பெரிய விமானங்களில் பல, நள்ளிரவு தாண்டித்தான் புறப்படுகின்றன. எட்டு முதல் பதினாறு மணித்தியாலம் இடையில் கிடைக்கும். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், சென்னையில் குடிவரவு முடித்து, பெட்டி எடுத்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். கனடா போகும் நீண்ட விமானத்தில் பெரும்பாலும் தலா 23 கிலோவில் இரண்டு பெட்டிகளுக்கு இடமுண்டு. பலாலி விமானத்தின் அளவு வேறு, அதிகப் பாரத்துக்குப் பணம் கட்ட வேண்டிவரும். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் நிரப்பிய பெட்டிகளோடு போகிறவர்களுக்கு இது உடனே புரியும். எல்லாவற்றையும்விடக் கனமான குறை: முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

வவுனியாக்காரருக்குப் பலாலியின் லாபம் இன்னும் குறைகிறது. அவர்களுக்குக் கட்டுநாயக்க 230 கிலோமீற்றர். பலாலி 155 கிலோமீற்றருக்குக் குறையாது. செட்டிகுளத்திலும் மன்னார்ப் பக்கத்திலும் இருப்பவர்கள் இதை யோசிக்கவே வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு? சென்னையிலோ திருச்சியிலோ உறவினர் இருப்பவர்களுக்கு. இடப்பெயர்வில் போய் அங்கேயே நின்றுவிட்ட சகோதரியோ மைத்துனரோ பல வன்னிக் குடும்பங்களுக்கு உண்டு. பலாலியால் போய் அவர்களோடு நாலைந்து நாள் இருந்து, களைப்பாறி, பிறகு சென்னையிலிருந்து ஒரே டிக்கெட்டில் கனடா போவது உண்மையிலேயே நல்ல பயணம். தமிழே பேசும் ஊரில் பாதி வழியில் தங்குவதன் ஆறுதலுக்கு ஈடு எந்த வளைகுடா நிலையத்திலும் இல்லை. அன்றே மாறிப் போவதற்கு மட்டும் இந்த வழியை எடுக்காதீர்கள். பலாலி முதல் ரொறொன்ரோ வரை ஒரே டிக்கெட்டாகவும் பெட்டி நேரே போவதாகவும் கிடைக்கிறதா என்று முகவரிடம் ஒருமுறை கேளுங்கள். கிடைத்தால் என் கணக்கு மாறும்.

சோதனை வாசல்கள்

வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு கணக்கு இருக்கிறது. எறிகணைச் சன்னம் இன்றும் உடம்பில் இருக்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். செயற்கைக் கால் போட்டவர்களும் அப்படியே. விமான நிலையத்தின் உலோகச் சோதனை வாசல் அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒலிக்கும். ஒதுக்கி நிறுத்துவார்கள், கையால் தடவிப் பார்ப்பார்கள், சில வேளை செயற்கைக் காலைத் தனியாகச் சோதிப்பார்கள். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் வெயிலில் நின்ற தலைமுறை இது. சீருடையைக் கண்டதும் கை நடுங்குவது இயல்பு. அதிகாரி அதை வேறுவிதமாகப் படிக்கவும் கூடும்.

ஆகவே வழியை ஒப்பிடும்போது சோதனை வாசல்களையும் எண்ணுங்கள். வளைகுடா வழியில் கட்டுநாயக்கவில் ஏறும்போது, பிறகு மாறும் இடத்தில் மீண்டும் ஒருமுறை. லண்டனிலும் அதே அளவு. பலாலி, சென்னை, லண்டன் என்று தனித்தனியாகப் போனால் மூன்று நிலையங்கள், அதோடு இந்தியாவுக்குள் நுழையவும் வெளியேறவும் இரண்டு குடிவரவு வரிசைகள். உடம்பில் உலோகம் உள்ளவர்களுக்கு நான் பலாலி வழியை மறுப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

எங்கே, எந்த உறுப்பில் உலோகம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்று கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டோடு சேர்த்து, எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்; அதற்குக் கட்டணம் இல்லை. “எனக்கு நடக்க முடியும், நாற்காலி வேண்டாம்” என்று பல அப்பாக்கள் மறுப்பார்கள். நாற்காலியைத் தள்ளுகிறவர் சரியான வாசலுக்குக் கொண்டுபோய்விடுகிறார், சோதனையிலும் குடிவரவிலும் கூடவே நிற்கிறார் என்பதைச் சொல்லுங்கள். மொழி தெரியாதவருக்கு அது வழித்துணை.

டிக்கெட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். 2009இல் பத்திரங்கள் தொலைந்து, பிறகு எடுத்தவற்றில் பெயரோ பிறந்த திகதியோ சற்று மாறிப்போனவர்கள் நம் மாவட்டங்களில் பலர். அடையாள அட்டையைப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டாம். கடவுச்சீட்டின் படத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

என் தெரிவு

முதன்முறை தனியாகப் போகும் தாய்க்கு, ஆங்கிலமும் தெரியாது என்றால், கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடா வழி, ஒரே டிக்கெட், இடையில் மூன்று முதல் நான்கு மணித்தியாலம். இடைவெளி இரண்டுக்குக் குறைந்தால் ஓட வேண்டும், ஆறுக்குக் கூடினால் உட்கார்ந்தே களைத்துவிடுவார். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள்.

இருவரும் சேர்ந்து போகிறார்கள், ஒருவருக்குக் கால் வீக்கமோ நீண்ட இருப்புத் தாங்காத முதுகோ இருக்கிறது, விசாவும் திரும்பும் நாள் வரை செல்லுபடியாகும் என்றால் லண்டன் வழி. விலை சற்றுக் கூடினாலும் கொடுக்கலாம். ஜூலை, ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் எல்லா வழியும் ஏறிவிடும். மே மாதமோ செப்டெம்பரோ போனால் விலையும் குறையும், குளிரும் தாங்கலாம். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் 2022 முதல் ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம் என்பதால், விடுமுறைக் கூட்டத்தோடு போட்டிபோட்டு அனுப்ப வேண்டிய அவசரம் பல குடும்பங்களுக்கு இல்லை. நாள் மாற்றக்கூடிய திரும்பும் டிக்கெட்டை எடுங்கள்; மிக மலிவான டிக்கெட்டில் அது பெரும்பாலும் இருக்காது.

திரும்பி வரும்போது திகதி எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். ரொறொன்ரோவில் திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு ஏறுகிறவர் கட்டுநாயக்கவில் புதன்கிழமை அதிகாலையில் இறங்குவார். கிளிநொச்சியிலிருந்து வான் செவ்வாய்க்கிழமை பகலில் புறப்பட்டு, சாரதி நீர்கொழும்பில் இரவு தூங்கி, விடிய முன் விமான நிலையத்துக்குப் போனால் சரியாக இருக்கும்.